வி.எஸ்-300: வாலில் ஒன்றா, மூன்றா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: ஹெலிகாப்டரைக் கண்டுபிடித்தவர் இகோர் சிகோர்ஸ்கி என்று படித்திருக்கிறீர்கள். ஆனால் பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் அவருக்கு முன்பே பறந்துவிட்டார்கள் என்று வேறு இடத்தில் பார்த்திருக்கிறீர்கள். அவருடைய வி.எஸ்-300 எந்திரத்தின் பழைய படங்களோ ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒரு படத்தில் வாலில் ஒரே ஒரு சிறு ரோட்டர் (பிளேடுகள் எனப்படும் நீண்ட தகடுகள் சுழலும் தொகுதி), மற்றொன்றில் மூன்று. எது உண்மையான வி.எஸ்-300, அதில் அவர் புதிதாகச் செய்ததுதான் என்ன என்று கேட்கிறீர்கள். படங்கள் எல்லாமே உண்மை. ஒன்றாக இருந்த வால் ரோட்டர் மூன்றாகி, பிறகு இரண்டாகி, கடைசியில் மீண்டும் ஒன்றானது. அந்த மாற்றங்களின் காரணத்தைப் பார்த்தால் உங்கள் முதல் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். நான் ஹெலிகாப்டர் பராமரிப்புப் பொறியாளனாக வேலை பார்த்தவன், வரலாற்றாய்வாளன் அல்லன். எந்திரம் எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தொழில் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். தேதிகளும் அளவுகளும் படித்து அறிந்தவை.

முதலில் ‘முதல் ஹெலிகாப்டர்’ என்ற உரிமைகோரலை எடுத்துக்கொள்வோம். 1907-இல் பிரான்சில் இரண்டு முயற்சிகள் நடந்தன. பிரெகே சகோதரர்களும் பேராசிரியர் ரிஷேவும் கட்டிய எந்திரம் ஆளோடு தரையை விட்டு எழுந்தது. ஆனால் அது கவிழாமல் இருக்க நான்கு மூலைகளிலும் ஆட்கள் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதே ஆண்டு நவம்பரில் நார்மண்டியில் பால் கோர்னு என்ற சைக்கிள் தயாரிப்பாளர் தன் எந்திரத்தில் எவரும் பிடிக்காமல் எழுந்ததாகச் சொல்லப்படுகிறது. பல புத்தகங்கள் இதைத்தான் முதல் பறத்தல் என்கின்றன. எனக்கு இதில் உறுதியில்லை. அந்த எந்திரத்தில் இருந்தது 24 குதிரைத்திறன் என்ஜின். பின்னாளில் ரோட்டர் இயக்கவியல் அறிஞர்கள் அதன் பிளேடு பரப்பையும் என்ஜின் திறனையும் வைத்துக் கணக்கிட்டுப் பார்த்து, ஓர் ஆளைச் சுமந்து எழ அது போதாது என்ற முடிவுக்கு வந்தார்கள். ஓர் அடி, இரண்டு அடி உயரத்தில் நிற்கும்போது, கீழே தள்ளப்படும் காற்று தரையில் தடைபடுவதால் ரோட்டருக்குக் கொஞ்சம் உதவி கிடைக்கும். உயரம் கூடக் கூட அந்த உதவி வேகமாகக் குறையும். ஆகவே ‘எழுந்தது’ என்ற சொல்லை எங்கே பார்த்தாலும், எவ்வளவு உயரத்துக்கு, எவ்வளவு நேரம் என்று சேர்த்துக் கேட்பது நல்லது.

அடுத்து வந்தவற்றில் ஐயத்துக்கு இடமில்லை. 1922 டிசம்பரில் அமெரிக்க ராணுவத்துக்காக ஜார்ஜ் டி போதெசாட் கட்டிய நான்கு ரோட்டர் எந்திரம் ஓஹையோவின் மக்குக் ஃபீல்டில் 1 நிமிடம் 42 விநாடி காற்றில் நின்றது. 1924 மே மாதம் பிரான்சில் எத்தியேன் ஓமிஷேன் 1 கிலோமீட்டர் சுற்றுப்பாதையைப் பறந்து முடித்தார். எடுத்துக்கொண்ட நேரம் 7 நிமிடம் 40 விநாடி. 1930-இல் இத்தாலியில் கொராதினோ தஸ்கானியோவின் எந்திரம் 1 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகப் பறந்தது. 1932-இல் சோவியத் பொறியாளர் அலெக்சேய் செரியோமுகின் 605 மீட்டர் உயரத்துக்குப் போனார். அந்தச் செய்தி அப்போது வெளியுலகத்துக்கு வரவில்லை. அதிகாரபூர்வச் சாதனையாகவும் பதிவாகவில்லை. 1935-இல் பிரெகேவும் ரெனே தொராண்டும் ஒரே அச்சில் எதிரெதிராகச் சுழலும் இரு ரோட்டர்களோடு பறந்தார்கள். அடுத்த ஆண்டு அந்த எந்திரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் காற்றில் இருந்தது. 1936 ஜூன் 26 அன்று ஜெர்மனியில் ஹைன்ரிக் ஃபோக்கேயின் எஃப்.டபிள்யூ-61 எழுந்தது. பக்கவாட்டில் இரு கைகள் நீட்டி, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு ரோட்டர். மறு ஆண்டு அது 2,439 மீட்டர் உயரத்தைத் தொட்டது. 1 மணி 20 நிமிடம் 49 விநாடி பறந்தது. 1938-இல் பெண் விமானி ஹன்னா ரைட்ஷ் பெர்லினில் ஓர் உள்ளரங்கத்துக்குள்ளேயே அதை ஓட்டிக் காட்டினார். ஆகவே 1939 வரை ஹெலிகாப்டரே இல்லை என்று சொல்பவர்கள் தவறாகச் சொல்கிறார்கள்.

அப்படியானால் 1939-இல் தீராமல் இருந்தது எது? எழுவதற்கான வலு ஓரளவு கிடைத்துவிட்டது; எழுந்த பிறகு எந்திரத்தை ஆள்வதுதான் சிக்கலாக இருந்தது. ஒரு பெரிய ரோட்டரை என்ஜின் ஒரு திசையில் சுழற்றினால், உடற்பகுதி எதிர்த்திசையில் சுழல முயலும். முன்னோடிகளில் பெரும்பாலோர் எதிரெதிராகச் சுழலும் இரண்டு அல்லது நான்கு ரோட்டர்களை வைத்து இதைச் சரிக்கட்டினார்கள். சரிதான், ஆனால் எடை கூடும், கியர் பெட்டிகளும் தண்டுகளும் பெருகும், பழுதாகும் இடங்களும் பெருகும். அடுத்தது, எந்திரம் முன்னே நகரத் தொடங்கியதும் ஒரு பக்கத்துப் பிளேடு காற்றை எதிர்த்துப் போகிறது, மறுபக்கத்துப் பிளேடு காற்றோடு போகிறது. எதிர்த்துப் போகும் பக்கம் அதிகம் தூக்கும், மறுபக்கம் குறைவாகத் தூக்கும், விட்டால் கவிழ்ந்துவிடும். இதற்கு வழி கண்டவர் ஸ்பானியரான ஹுவான் தெ லா சியர்வா. 1923-இல் பறந்த தன் ஆட்டோஜைரோவில் ஒவ்வொரு பிளேடையும் அடியில் ஒரு கீலில் மாட்டி, மேலும் கீழும் தானாக அசைய விட்டார். ஆட்டோஜைரோவின் ரோட்டரை என்ஜின் சுழற்றுவதில்லை, எதிர்வரும் காற்றே சுழற்றும், அதனால் அது ஹெலிகாப்டர் ஆகாது. ஆனால் அந்தக் கீல் இல்லாமல் பின்னால் வந்த ஹெலிகாப்டர்களைக் கற்பனை செய்யவே முடியாது. ஃபோக்கேயும் சியர்வாவின் எந்திரங்களை உரிமம் பெற்றுக் கட்டித்தான் தொழில் கற்றார். சியர்வாவின் பெயர் பொதுமக்களிடம் இவ்வளவு மங்கிப்போனது எனக்கு எப்போதும் வருத்தமாக இருக்கிறது.

மூன்றாவதுதான் கடினமானது: விரும்பிய திசையில் எந்திரத்தைச் சாய்ப்பது. இன்றைய ஹெலிகாப்டரில் விமானியின் இடது கையில் உள்ள கலெக்டிவ் நெம்புகோல் எல்லாப் பிளேடுகளின் கோணத்தையும் ஒருசேரக் கூட்டிக் குறைக்கும். எந்திரம் ஏறும், இறங்கும். வலது கையில் உள்ள சைக்ளிக் கம்பு, ஒவ்வொரு பிளேடும் ஒரு சுற்று வருவதற்குள் அதன் கோணத்தை ஒரு பக்கத்தில் கூட்டி எதிர்ப்பக்கத்தில் குறைக்கும். எந்திரம் சாயும், சாய்ந்த திசையில் நகரும். காகிதத்தில் எளிதாகத் தெரிகிறது. ஆனால் சுழலும் பொருள் தள்ளிய இடத்தில் சாயாது; சுற்றிக்கொண்டிருக்கும் பம்பரத்தை விரலால் தட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ரோட்டரின் முன்விளிம்பு தாழ வேண்டுமானால், பிளேடு முன்னே வந்த பிறகு கோணத்தைக் குறைத்துப் பயனில்லை. ஏறத்தாழ கால் சுற்றுக்கு முன்பே குறைத்திருக்க வேண்டும். பராமரிப்பில் ஒரு கட்டுப்பாட்டுத் தண்டின் நீளத்தைத் திருகின் ஒரு சிறு பகுதி அளவுக்கு மாற்றினாலே விமானி திரும்பி வந்து கேட்பார். ஒரு பிளேடு மற்றவற்றைவிடச் சற்று உயரமாகச் சுழன்றாலும் உடற்பகுதி முழுவதும் அதிரும். இதையெல்லாம் முன்மாதிரி எதுவும் கையில் இல்லாமல், முதன்முறையாகச் சரிசெய்ய உட்கார்ந்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

சிகோர்ஸ்கி இதில் புதியவர் அல்லர். 1889-இல் கீவ் நகரில் பிறந்த அவர், 1909-லும் 1910-லும் அங்கேயே இரண்டு ஹெலிகாப்டர்கள் கட்டினார். முதலாவது எழவே இல்லை. இரண்டாவது தன் எடையை மட்டும் தூக்கியது, ஆளைத் தூக்கவில்லை. அன்றைய என்ஜின்களால் இது முடியாது என்று கண்டு, அதை அப்படியே நிறுத்திவிட்டு விமானங்களுக்குப் போனார். 1913-இல் நான்கு என்ஜின் விமானத்தைப் பறக்கவிட்டார். ரஷ்யப் புரட்சிக்குப் பின் 1919-இல் அமெரிக்கா வந்தார். 1923-இல் சக ரஷ்யர்களைச் சேர்த்துக்கொண்டு நிறுவனம் தொடங்கினார். பெருங்கடல்களைக் கடக்கும் பறக்கும் படகுகளை, அதாவது தண்ணீரில் இறங்கி எழும் விமானங்களைக் கட்டிப் பெயர் பெற்றார். இடையில் 1931-இல், மேலே ஒரு பெரிய ரோட்டர், வாலில் பக்கவாட்டாகத் தள்ளும் ஒரு சிறு ரோட்டர் என்ற அமைப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1935-இல் கிடைத்தது. இந்த யோசனையும் அவருக்கு மட்டும் உரியது அல்ல. ரஷ்யாவில் போரிஸ் யூரியெவ் 1910-களின் தொடக்கத்திலேயே இப்படி ஓர் அமைப்பை வரைந்திருந்தார். நெதர்லாந்தில் ஃபோன் பௌம்ஹௌவர் 1920-களில் வால் ரோட்டரைத் தனி என்ஜினால் ஓட்டும் எந்திரம் ஒன்றைக் கட்டிச் சோதித்தார். 1930-இல் அது நொறுங்கியதோடு முயற்சி நின்றது.

1938-இல் பறக்கும் படகுகளுக்கு ஆர்டர்கள் குறைந்தன. தாய் நிறுவனமான யுனைடெட் ஏர்கிராஃப்ட், சிகோர்ஸ்கி பிரிவை மூடி வோட் என்ற விமான நிறுவனத்தோடு இணைக்க முடிவு செய்தது. அந்தச் செய்தியைக் கேட்கப் போன இடத்தில் சிகோர்ஸ்கி கேட்டது ஒன்றுதான்: தன் பொறியாளர் குழுவைக் கலைக்காமல் வைத்துக்கொண்டு ஹெலிகாப்டர் செய்ய அனுமதி. சிறிய தொகையோடு அனுமதி கிடைத்தது. வி.எஸ் என்ற எழுத்துகள் வோட்-சிகோர்ஸ்கி என்பதன் சுருக்கம். மைக்கேல் குளுஹாரெஃப் போன்ற பழைய ரஷ்ய நண்பர்கள் உடன் இருந்தார்கள். 1939 கோடையில் கனெக்டிகட்டின் ஸ்ட்ராட்ஃபோர்டில் எந்திரம் உருவானது. பற்றவைத்த எஃகுக் குழாய்ச் சட்டம், திறந்த இருக்கை, 75 குதிரைத்திறன் லைக்கோமிங் என்ஜின், மூன்று பிளேடுகள் கொண்ட 28 அடி விட்டமுள்ள ரோட்டர், வாலில் ஒரு சிறு ரோட்டர். மொத்த எடை ஏறத்தாழ 500 கிலோ. முதல் வடிவத்திலேயே பெரிய ரோட்டரில் சைக்ளிக் கட்டுப்பாடு இருந்தது என்பதைக் கவனியுங்கள். 1939 செப்டம்பர் 14 அன்று, எந்திரம் ஓடிவிடாமல் கயிறுகளும் எடைகளும் கட்டி, சிகோர்ஸ்கியே ஏறி உட்கார்ந்தார். அவருக்கு வயது 50. சக்கரங்கள் சில அங்குலம் எழுந்தன, சில விநாடிகள் நின்றன. வேறெவருக்கும் ஹெலிகாப்டர் ஓட்டத் தெரியாத நாட்டில் அவர் தன் சொந்த எந்திரத்திலேயே ஓட்டவும் கற்றார்.

அடுத்த மூன்று மாதங்கள் சிரமமானவை. அதிர்வு கடுமையாக இருந்தது. கம்பை அசைத்தால் எந்திரம் எதிர்பார்த்தபடி பதில் சொல்லவில்லை. டிசம்பரில் ஒரு காற்றுவீச்சில் கவிழ்ந்து உடைந்தது. சைக்ளிக் கட்டுப்பாடு எங்கே சறுக்கியது என்பதற்குப் பல விளக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. நான் இங்கே சொல்வது என் கருத்து மட்டுமே. ஒரே நேரத்தில் பல புதிய பொருள்கள் ஒன்றுகூடிவிட்டன: புது ரோட்டர், புது வால் ரோட்டர், புதுக் கட்டுப்பாடு, புது விமானி. எந்திரம் ஒரு பக்கம் சாய்ந்தால் பிழை பிளேடிலா, தண்டிலா, ஓட்டுபவரின் கையிலா என்று பிரித்தறிய முடியாத நிலை. பழுது தேடுபவர்களுக்கு இதைவிடக் கொடிய நிலை இல்லை.

சிகோர்ஸ்கி அங்கே செய்ததைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். சரியென்று தான் நம்பிய சைக்ளிக் கட்டுப்பாட்டைப் பெரிய ரோட்டரிலிருந்து கழற்றி வைத்தார். அதற்குப் பதிலாக வாலில் இருபுறமும் கைகள் நீட்டி, ஒவ்வொன்றிலும் மேல்நோக்கித் தள்ளும் ஒரு சிறு ரோட்டரை மாட்டினார். இரண்டும் சேர்ந்து வாலைத் தூக்கினால் மூக்கு தாழும். ஒன்று அதிகமும் மற்றொன்று குறைவும் தூக்கினால் எந்திரம் பக்கவாட்டில் சாயும். உடற்பகுதி சுழலாமல் தடுக்கும் பழைய ரோட்டரோடு சேர்த்து மொத்தம் மூன்று. நீங்கள் பார்த்த இரண்டாவது படம் இந்தக் காலத்தது. பார்க்க அழகில்லை, ஆனால் ஒவ்வொரு ரோட்டரும் ஒரே ஒரு வேலையைச் செய்ததால் எது எதைச் செய்கிறது என்று தெளிவாகத் தெரிந்தது. 90 குதிரைத்திறன் ஃபிராங்க்ளின் என்ஜினும் வந்தது. 1940 மே 13 அன்று கயிறு இல்லாமல் முதல்முறையாகப் பறந்தது.

பக்கவாட்டில் நன்றாகப் போனது, பின்னோக்கியும் போனது. முன்னோக்கி மட்டும் வேகம் எடுக்க முடியவில்லை. முன்னே நகரும்போது பெரிய ரோட்டர் கீழே தள்ளும் கலங்கிய காற்று பின்பக்கம் சரிந்து, நேராக அந்தச் சிறு ரோட்டர்கள் மேல் விழுந்தது. எந்திரம் குதித்தது. பறத்தல் படச்சுருளைப் பார்த்த மேலாளர் ஒருவர் ஏன் முன்னே போகும் காட்சியே இல்லை என்று கேட்டதாகவும், அது இன்னும் தீர்க்கப்படாத ஒரு சிறு பொறியியல் சிக்கல் என்று சிகோர்ஸ்கி பதில் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. நிறுவனத்து ஆட்கள் பலரும் சொல்லிவந்த கதை. சொற்கள் அப்படியேதான் இருந்தனவா என்பதற்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். முன்னே போவதில் சிக்கல் இருந்தது என்பது உறுதி.

இருந்தாலும் இந்த மூன்று ரோட்டர் வடிவத்தில்தான் கட்டுப்பாட்டை அவர்கள் கற்றார்கள். 1941 ஏப்ரலில் மிதவைகள் பொருத்தித் தண்ணீரிலிருந்து எழுந்தார்கள். 1941 மே 6 அன்று 1 மணி 32 நிமிடத்துக்கும் மேல் காற்றில் நிறுத்தி, ஜெர்மானிய எந்திரத்தின் நேரச் சாதனையை முறியடித்தார்கள். சாதனை கைக்கு வந்த அடுத்த மாதமே அந்த வடிவத்தைக் கலைக்கத் தொடங்கினார்கள் என்பது என்னை வியக்க வைக்கிறது. பக்கவாட்டுச் சாய்வை மட்டும் சைக்ளிக் முறையில் பெரிய ரோட்டருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். அதனால் இரு கைகளும் தேவையற்றுப்போயின. மூக்கை ஏற்றி இறக்க மட்டும் ஒரு படுக்கை ரோட்டரை, கலங்கிய காற்றுக்கு எட்டாதபடி உயரமான தூண் ஒன்றின் மேல் வைத்தார்கள். இது இரண்டு ரோட்டர் வடிவம். அது நம்பிக்கை தந்ததும் 1941 டிசம்பரில் அந்தத் தூணையும் எடுத்துவிட்டு, முழு சைக்ளிக் கட்டுப்பாட்டோடு, வாலில் ஒரே ரோட்டரோடு பறந்தார்கள். 1939-இல் தொடங்கிய அதே அமைப்பு. இப்போது ஒவ்வொரு உறுப்பின் குணமும் தெரிந்திருந்தது. மொத்தம் எத்தனை முறை வடிவம் மாறியது என்பதில் புத்தகங்கள் ஒத்துப்போவதில்லை. 18 என்பதைப் பெரும்பாலும் காணலாம். எதைப் பெரிய மாற்றம் என்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது அது. என்ஜினும் கடைசியில் 150 குதிரைத்திறனுக்கு உயர்ந்தது.

ஆக, சிகோர்ஸ்கியை ஹெலிகாப்டரின் ஒரே கண்டுபிடிப்பாளர் என்று சொல்ல மாட்டேன். முதலில் எழுந்தவர் அவர் அல்லர், முதலில் நெடுநேரம் பறந்தவரும் அல்லர், வால் ரோட்டரை முதலில் நினைத்தவரும் அல்லர். ஒரே பெரிய ரோட்டர், ஒரே வால் ரோட்டர் என்ற எளிய அமைப்பை நம்பகமாக ஆளக்கூடிய எந்திரமாக்கி, தொழிற்சாலையில் வரிசையாகக் கட்டும் நிலைக்குக் கொண்டுவந்தவர் அவர். இதில் எனக்கு ஐயமில்லை. அமெரிக்க ராணுவமே 1940-இல் நடந்த போட்டியில் முதலில் தேர்ந்தெடுத்தது வேறொரு நிறுவனத்தின் எந்திரத்தை. ஜெர்மானிய எந்திரம் போலப் பக்கவாட்டில் இரு ரோட்டர்கள் கொண்டது அது. அது பின்தங்கிப்போக, வி.எஸ்-300-இல் கற்றதைக் கொண்டு சிகோர்ஸ்கி குழு கட்டிய எக்ஸ்.ஆர்-4 என்ற முன்மாதிரி ஹெலிகாப்டர் முந்தியது. 1942 ஜனவரி 14 அன்று நிறுவனத்தின் சோதனை விமானி லெஸ் மோரிஸ் அதை முதலில் ஓட்டினார். அதே ஆண்டு மே மாதம் ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து ஓஹையோவின் ரைட் ஃபீல்டு வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல், ஐந்து நாள்களில், இடையிடையே இறங்கி இறங்கி அவரே கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆர்-4 எனப்பட்ட இந்த வகையில் 131 ஹெலிகாப்டர்கள் கட்டப்பட்டன. வி.எஸ்-300 ஏறத்தாழ 100 மணி நேரம் பறந்து முடித்து, 1943-இல் மிச்சிகனின் டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்குப் போனது. அங்கே இருப்பது அதன் கடைசி வடிவம். மூன்று ரோட்டர் வாலை அங்கே தேடினால் கிடைக்காது.

இந்தக் கதையில் இந்தியாவுக்கும் ஓர் இடம் உண்டு. 1944 ஏப்ரலில் பர்மாக் காட்டுக்குள், ஜப்பானியப் படைகளுக்குப் பின்னால், காயம்பட்ட மூன்று பிரிட்டிஷ் வீரர்களை ஏற்றிவந்த சிறு விமானம் விழுந்துவிட்டது. அஸ்ஸாமின் லாலாகாட் தளத்திலிருந்து கார்ட்டர் ஹார்மன் என்ற இளம் அமெரிக்க விமானி ஆர்-4 வகையின் தொடக்க வடிவமான ஓர் ஒய்.ஆர்-4 ஹெலிகாப்டரை எடுத்துக்கொண்டு மலைகளைத் தாண்டிப் போனார். வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்று அடர்த்தி குறைந்தது. பிளேடுகளுக்குப் பிடிமானம் குறையும், என்ஜினுக்கும் மூச்சு குறையும். 200 குதிரைத்திறனை எட்டாத அந்த என்ஜினால் ஒரு தடவைக்கு ஒருவரை மட்டுமே தூக்க முடிந்தது. இடையில் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறிவிட்டதால், மூன்று வீரர்களையும் அந்த விமானத்தின் விமானியையும் ஒருவர் பின் ஒருவராகக் கொண்டுவந்து சேர்க்க இரண்டு நாள்கள் ஆயின. போர்க்களத்தில் ஹெலிகாப்டர் மீட்பின் முதல் நிகழ்வாக இதைத்தான் வழக்கமாகக் குறிப்பிடுகிறார்கள்.

வி.எஸ்-300 கட்டுப்பாட்டைத் தீர்த்தது, வலுவின்மையைத் தீர்க்கவில்லை. பிஸ்டன் என்ஜின் தன் எடைக்குக் கொடுக்கும் திறன் குறைவு. மலையிலும் கோடையிலும் அது உடனே தெரியும். அதற்கு டர்பைன் என்ஜின் வர வேண்டியிருந்தது. 1955-இல் பிரான்சின் அலுவெட்-2 ஹெலிகாப்டர் சிறிய டர்பைனோடு பறந்து, அதே ஆண்டு 8,000 மீட்டருக்கு மேல் ஏறிக் காட்டியது. நம் நாட்டில் பெங்களூரு எச்.ஏ.எல் தொழிற்சாலையில் உரிமத்தின் பேரில் கட்டிய சேத்தக் ஹெலிகாப்டர் அந்தக் குடும்பத்தின் அலுவெட்-3 தான். எங்கேயாவது ஒரு சேத்தக் நிற்பதைப் பார்த்தால் மேலே மூன்று பிளேடுகளையும், அவற்றின் அடியில் உள்ள கீல்களையும், வாலில் உள்ள ஒற்றை ரோட்டரையும் கவனித்துப் பாருங்கள். கீல் சியர்வாவின் ஆட்டோஜைரோவிலிருந்து வந்தது. மேலே ஒன்று, வாலில் ஒன்று என்ற அமைப்பு 1941 டிசம்பரில் ஸ்ட்ராட்ஃபோர்டில் உறுதிப்பட்டது.